மணல் திடலில் முழங்கியவன்

கப்பலேறி வந்தவன் ஒருவன், தன்னைப்போலவே கப்பலேறி வந்த மற்றொருவனைக் காட்டி, இவனைத் துரத்துங்கள் என்று முழங்கினான். கூடி நின்றவர்கள் ஆரவாரித்தனர். அந்தக் கூட்டத்திலும் பலர் கப்பலேறி வந்தவர்களே! கலிபோர்னியாவிலே, சான்பிரான்சிஸ்கோ நகரமன்றக் கட்டடத்தை ஒட்டிக் கிடந்த மணல் திடலிலே, 1877இல் நடந்த காட்சி இது. முழங்கியவன் பெயர் டெனிஸ் கெர்னி.

அமெரிக்க நாட்டிலே தேர்தல் முரசு கொட்டினால், கள்ளத்தனமாகக் குடியேறியோர் என்ற கூச்சலும் கூடவே கிளம்புகிறது. எல்லையிலே சுவர் எழுப்புவோம் என்று ஒருவர். ஏற்றுமதி செய்வதுபோல ஆட்களை ஏற்றி அனுப்புவோம் என்று மற்றொருவர். இந்தக் கூச்சலுக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு, தோழர்களே! அந்த ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், கெர்னியின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அயர்லாந்திலே கார்க் மாவட்டத்தில் 1847இல் பிறந்தான் கெர்னி. அது எப்படிப்பட்ட ஆண்டு? உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, ஊர் ஊராக மக்கள் மடிந்த ஆண்டு. தானியம் ஏற்றிய கப்பல் இங்கிலாந்துக்குப் போயிற்று. மனிதர்களை ஏற்றிய கப்பல் அமெரிக்காவுக்குப் போயிற்று. பதினோரு வயதிலே கெர்னியும் கப்பலில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். உலகத்தைச் சுற்றினான், உயர்ந்தான், 1868இல் சான்பிரான்சிஸ்கோ வந்தான், 1872இல் கடலை விட்டுக் கரையிலே சரக்கு வண்டித் தொழில் தொடங்கினான். 1876இல் அமெரிக்கக் குடிமகனானான்.

அவன் வந்து சேர்வதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1855இல், அதே கலிபோர்னியா மாநிலத்தில், ஐரிஷ்காரனும் கத்தோலிக்கனும் நாட்டைக் கெடுக்க வந்தவர்கள் என்று பேசிய கட்சி ஒன்று வென்று, கவர்னர் பதவியையே பிடித்திருந்தது. கெர்னியின் அண்ணன்மாரையும் மாமன்மாரையும் ஒத்தவர்களைப் பார்த்து வீசப்பட்ட வசை அது. அழுக்கர்கள், அடிமைப் புத்திக்காரர்கள், அற்பக் கூலிக்கு வேலை செய்து நம் வாயிலே மண் போடுகிறவர்கள் என்றெல்லாம் ஏசினார்கள். இந்தப் பட்டியலைக் கவனத்தில் வையுங்கள். சில ஆண்டுகள் கழித்து ஒரு சொல்லும் மாறாமல் அதே பட்டியல் வேறொருவர் முதுகிலே ஒட்டப்படும், ஒட்டியவன் ஐரிஷ்காரன்!

கெர்னி தொழிலாளர் தலைவனாகப் பிறக்கவில்லை. வண்டிகளுக்குச் சொந்தக்காரன் அவன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சொற்பயிற்சி மன்றம் ஒன்றிலே போய்ப் பேசிப் பழகினான். அங்கே அவன் பேசியது என்ன தெரியுமா? தொழிலாளி சோம்பேறி, குடித்துக் கெடுகிறான், அதனால்தான் வறுமை என்று முதலாளி பாட்டைப் பாடினான்.

அந்த நேரத்திலே நாட்டைப் பஞ்சம் பிடித்தது. 1873இல் கீழ்க்கரையில் தொடங்கிய வாணிப வீழ்ச்சி, மேற்குக்கும் வந்து சேர்ந்தது. 1875இல் கலிபோர்னியா பாங்கியே கதவைச் சாத்தியது. அடுத்து மழை பொய்த்தது. வெள்ளிச் சுரங்கப் பங்குகள் சரிந்தன. கிழக்கே வேலையிழந்தவர்கள் எல்லாம் புதிய ரயில் பாதை வழியே மேற்கே வந்து குவிந்தனர். 1877 ஜூலையில், ரயில்வேத் தொழிலாளர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்கு ஆதரவாக மணல் திடலிலே ஒரு கூட்டம் நடந்தது. கூட்டம் நடத்தியவர்கள் எட்டு மணி நேர வேலை பற்றிப் பேசினார்கள். கூட்டத்தின் ஓரத்திலே நின்ற காலிகளோ, சீனர்களின் சலவைக் கடைகளை நோக்கி ஓடினார்கள். தீ எழுந்தது, உயிர்களும் போயின. நகரத்து வணிகர்கள் அமைதி காக்கவென்று ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிக்காசுக் காம்பு கொடுத்துத் தெருவிலே நிறுத்தினார்கள். அந்தக் காம்பைப் பிடித்து நின்றவர்களில் ஒருவன் கெர்னி என்று சொல்லப்படுகிறது!

ஆனால் அந்தச் சில இரவுகளில் அவன் ஒன்றைப் பார்த்துவிட்டான். எதைச் சொன்னால் கூட்டம் கொதிக்கும் என்பதைப் பார்த்துவிட்டான். தொழிலாளர் கட்சியிலே சேர மனுப் போட்டான். தொழிலாளியைப் பழித்தவன் நீயல்லவா என்று அவர்கள் சேர்க்க மறுத்தார்கள். தானே ஒரு கட்சி தொடங்கினான். 1877 அக்டோபரில் பிறந்தது கலிபோர்னியா உழைப்பாளர் கட்சி. வேலை இல்லாதவனுக்கு வேலை, ரயில்வே முதலாளிகளுக்குக் கடிவாளம், நிலக்கொள்ளைக்கு முடிவு, எட்டு மணி நேர வேலை என்று நல்ல கோரிக்கைகள் பல அதன் அறிக்கையிலே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பேச்சையும் அவன் முடித்தது ஒரே கோரிக்கையிலேதான்: சீனர் போயாக வேண்டும்!

பேச்சிலே பெரும் புயல் அவன். மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு, வண்டிக்காரன் வாய்மொழியிலேயே பேசினான். மாளிகைகள் நிறைந்த நாப் குன்றின் மீதே கூட்டத்தை அழைத்துச் சென்று, ரயில்வே அதிபர்கள் வீட்டு வாசலிலே நின்று அவர்களைத் தூக்கிலிட வேண்டும் என்ற பொருள்படப் பேசினான். கைது செய்தார்கள், புகழ் கூடிற்று. குற்றமற்றவன் என்று விட்டார்கள், இன்னும் கூடிற்று. பத்திரிகைகளோ! நகரத்து இரண்டு தாள்களுக்குள் விற்பனைப் போட்டி. அதிலே கிரானிக்கிள் என்ற தாள் கெர்னியின் பேச்சைப் பக்கம் பக்கமாக வெளியிட்டு அவனைத் தூக்கி வைத்தது. தொழிலாளி மேல் கொண்ட பற்றா? தாளுக்குக் கிடைத்த காசுமேல் கொண்ட பற்று! பிறகு அதே தாள் அவனைக் கைகழுவிவிட்டுத் தனிக் கட்சிக்குத் துணை போனது.

சரி, இந்தச் சீனர்கள் யார்? மலையைக் குடைந்து, பனியிலே புதைந்து, சியரா நெவாடா மலைத்தொடரிலே ரயில் பாதை போட்டவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். வெள்ளைத் தொழிலாளிக்கு உணவும் இருப்பிடமும் கம்பெனி கொடுத்தது. சீனன் தன் கூலியிலிருந்தே உண்ண வேண்டும். 1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டு, கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனியின் கிராக்கர் என்ன செய்தான்? மலைமேல் அரிசி போவதை நிறுத்தினான். பட்டினி போட்டுப் போராட்டத்தை முறித்தான். அடிமைப் புத்திக்காரன், போராடத் தெரியாதவன் என்று எவனைச் சொன்னார்களோ, அவன் போராடியவன்! அந்த வேலைநிறுத்தத்துக்கு மணல் திடலிலே ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை. ஆங்கிலத்தில் அவர்களைக் குறிக்க வழங்கிய இழிசொல், நமது கூலி என்ற சொல்லோடு உறவுடையது என்பார்கள். உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர், உழைப்பவனை இழிக்கும் பெயராயிற்று!

அவர்கள் எத்தனை பேர்? 1880 கணக்கெடுப்பிலே, 5 கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் சீனர் 1,05,465 பேர். ஆயிரத்துக்கு இரண்டே பேர்! ஆயிரத்தில் இரண்டு பேரைக் கண்டு ஒரு நாட்டு அரசியல் அஞ்சுமா? அஞ்சவில்லை, தோழர்களே! கணக்குப் போட்டது.

அந்தக் கணக்கு இதுதான். 1876 தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவி 185க்கு 184 என்று ஒரே ஒரு தேர்வாளர் வாக்கில் முடிவாயிற்று. இரு பெரும் கட்சிகளும் தராசுத் தட்டுகள்போல் சமனாக நின்றன. எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலம் கலிபோர்னியா. அங்கே சீனரை எதிர்த்தால் வாக்கு வரும். எதிர்ப்பதால் இழக்கும் வாக்கு எத்தனை? ஒன்றுமில்லை! சீனனுக்குத்தான் வாக்கே கிடையாதே! வெள்ளையருக்கும், 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வழி வந்தவருக்கும்தான் புதிதாகக் குடியுரிமை தரலாம் என்பது சட்டம். சீனனுக்குத் தர முடியாது என்று 1878இல் கலிபோர்னியாவிலிருந்த கூட்டாட்சி நீதிமன்றமே சொல்லிவிட்டது. திருப்பி அடிக்கக் கையில்லாதவனை அடிப்பதிலே அரசியல்வாதிக்கு என்ன நட்டம்?

பொதுமக்கள் கருத்து என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1879 செப்டம்பரில் கலிபோர்னியாவிலே ஒரு வாக்கெடுப்பு. சீனர் வருகைக்கு ஆதரவு 883, எதிர்ப்பு 1,54,638. பார்த்தீர்களா மக்கள் தீர்ப்பை என்று உலகெங்கும் பறையறைந்தார்கள். பெரும்பாலோர் எதிர்த்தார்கள் என்பதிலே ஐயமில்லை. ஆனால் அந்நாளில் வாக்குச் சீட்டைக் கட்சிகளே அச்சடித்துக் கொடுத்தன. எதிர்ப்பு என்பது சீட்டிலேயே அச்சாகி வந்தது. ஆதரவு தர நினைப்பவன் அதை அடித்துவிட்டுத் தன் கையால் எழுத வேண்டும், அதுவும் நாலு பேர் பார்க்க! கேட்கிற விதத்திலே விடையை வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

1878 கோடையிலே கெர்னி கிழக்கே போனான். பாஸ்டன் நகரிலே பெருங்கூட்டம். வேடிக்கை பார்க்க வந்தார்கள், கை தட்டினார்கள், கலைந்தார்கள். அவன் ஆதரித்த பட்லர் மசாசூசெட்ஸ் தேர்தலிலே தோற்றார். கிழக்குத் தொழிலாளர்க்குச் சீனரைத் தெரியாதா? தெரியும். 1870இல் வட ஆடம்ஸ் என்ற ஊரிலே செருப்புத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை உடைக்க, முதலாளி ஒருவன் சீனர் 75 பேரை ஒப்பந்தத்தில் கொண்டுவந்து இறக்கினான். அங்கே தொழிலாளர் பலர் சொன்னது, ஒப்பந்தம் போட்டு ஆளை இறக்குமதி செய்வதைத் தடு. தன் காலால் வருகிறவன் வரட்டும் என்பது. கொண்டுவருகிற முதலாளியைப் பிடி என்ற இந்த நியாயம் எந்தக் கட்சிக்கும் பிடிக்கவில்லை. கொண்டுவருகிறவன் தேர்தல் நிதி தருகிறவன் அல்லவா!

கெர்னியின் கட்சி என்ன சாதித்தது? புதிய மாநில அரசியல் சட்டம் வகுக்கக் கூடிய 152 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவன் கட்சியினர். 1879இல் சட்டம் நிறைவேறிற்று. பொதுப்பணிகளில் எட்டு மணி நேர வேலை வந்தது, அது மெய். ரயில்வேயை அடக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். சில காலத்திலேயே கமிஷன் ரயில்வேயின் சட்டைப் பைக்குள் போயிற்று. சீனருக்குக் கம்பெனிகள் வேலை தரக்கூடாது என்று ஒரு விதி எழுதினார்கள். 1880இல் கூட்டாட்சி நீதிமன்றம் அது செல்லாது என்றது. நாப் குன்று மாளிகைகளில் ஒரு விளக்குக்கூட அணையவில்லை.

அவன் கட்சி 1880லேயே ஆட்டம் கண்டது. அவனுக்கும் ஆறு மாதத் தண்டனை. மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்தது. வெளியே வந்தபோது அவன் முழக்கத்தை இரு பெரும் கட்சிகளும் எடுத்துக்கொண்டு போயிருந்தன! 1880இல் இரு கட்சிகளின் தேர்தல் அறிக்கையிலும் சீனர் எதிர்ப்பு ஏறிவிட்டது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு, கார்பீல்டு சீனத் தொழிலாளரை ஆதரித்து எழுதியதாக ஒரு கடிதம் வெளிவந்தது. பச்சைப் பொய், போலிக் கையெழுத்து! ஆயினும் கலிபோர்னியாவின் ஆறு தேர்வாளர் வாக்குகளில் ஐந்தை அவர் இழந்தார். நாடு முழுவதிலும் அவர் பெற்ற முந்துகை பத்தாயிரம் வாக்குகளுக்கும் குறைவு. பாடம் புரிந்துவிட்டது இரு கட்சிகளுக்கும். 1879இல் ஹேஸ் இத்தகைய மசோதா ஒன்றைச் சீனாவுடன் செய்த உடன்படிக்கையைக் காட்டித் தடுத்தார். உடன்படிக்கையையே மாற்றினார்கள். 1882இல் 20 ஆண்டுத் தடை மசோதாவை ஆர்தர் திருப்பி அனுப்பினார். 10 ஆண்டு என்று திருத்தி வந்ததும் மே 6ஆம் நாள் கையெழுத்திட்டார். வணிகர் வரலாம், மாணவர் வரலாம், சுற்றிப்பார்க்க வருவோர் வரலாம். தொழிலாளி மட்டும் வரக்கூடாது! தொழிலாளியின் பெயரால் வந்த சட்டம் இது.

அதற்கு முன்பு அந்நாட்டிலே கள்ளக் குடியேற்றம் என்ற பேச்சுக்கு அநேகமாக இடமே இல்லை. தடுக்கும் சட்டம் இருந்தால்தானே மீறுபவன் இருப்பான்? சட்டம் வந்தது, கனடா எல்லை வழியாகவும் மெக்சிகோ எல்லை வழியாகவும் ஆள் கடத்தல் வந்தது. கடத்தலைக் காட்டி இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 1892இல் சீனத் தொழிலாளி ஒவ்வொருவனும் குடியிருப்புச் சீட்டு வாங்கிக் கையிலே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பெரும்பாலோர் பதிய மறுத்து வழக்காடினர். 1893இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. முதலாளிகளோ சும்மாயிருக்கவில்லை. சீனனுக்குப் பதில் ஜப்பானியன், அவனுக்குத் தடை வந்த பிறகு மெக்சிகோக்காரன் என்று ஆள் மாற்றிக்கொண்டே போனார்கள்; தோட்டத்துக் கூலி மட்டும் மலிவாகவே இருந்தது.

கெர்னியை அரசியல் மறந்துவிட்டது. வாணிபத்திலே இறங்கி வசதியாக வாழ்ந்தான்.

1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் குலுக்கிற்று, நெருப்பு விழுங்கிற்று. மணல் திடலை ஒட்டிக் கட்டிய அந்த நகரமன்றமும் வீழ்ந்தது. உள்ளேயிருந்த பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாயின. அமெரிக்க மண்ணிலே பிறந்த சீனன் குடிமகனே என்று 1898இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே, நான் இந்நகரிலே பிறந்தவன், என் பதிவு எரிந்துவிட்டது என்று சீனர்கள் பலர் சொன்னார்கள். இல்லை என்று மறுக்க ஏடில்லை. அவர்களின் பிள்ளைகள் என்ற பெயரிலே, காகிதத்தில் மட்டும் மகன்களான பல்லாயிரவர் பின்னர் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டு, 1907 ஏப்ரலில், வளைகுடாவின் மறுகரையில் அலமேடா நகரில் கெர்னி இறந்தான். அந்தச் சட்டம் 1943 வரை இருந்தது. நீக்கியபோது சீனருக்கு ஆண்டுக்கு 105 இடம் கொடுத்தார்கள்.