வெந்நீர்க் குடுவையில் எரிபொருள் ஊற்றிய மனிதன்

எங்கள் தண்ணீரூற்றில் நாலு இளைஞர் கூடினால் எந்த மோட்டார் சைக்கிள் திறம் என்ற விவாதம் தொடங்கிவிடும். ஒருவர் இழுவையைச் சொல்வார், இன்னொருவர் எரிபொருள் செலவைச் சொல்வார், வேறொருவர் எந்த எஞ்சின் சூடேறி இறுகும் என்று விளக்குவார். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஹொண்டா ஓடியவர்கள் நாங்கள். மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்க்கச் செய்யும், பிஸ்டன் வளையங்கள் தேயும், புகை தள்ளும். ஆனாலும் அந்தச் சின்ன எஞ்சின் ஓடியது. அதைச் செய்த சொய்சிரோ ஹொண்டாவைப் பற்றி அறியும் ஆவல் எனக்கு அப்படித்தான் வந்தது.

1906 நவம்பர் 17இல், ஜப்பானின் ஹமமட்சு நகருக்கு அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் டோக்கியோவில் வாகனம் திருத்தும் கராஜில் சேர்ந்தார். பின்னர் பிஸ்டன் வளையம் செய்ய இறங்கினார். ரொயோட்டாவுக்குக் கொடுத்த 50 வளையங்களில் மூன்றுதான் தேறின. இந்தக் காலத்தில் தொழில்நுட்பப் பாடசாலைக்குப் போய் உலோகவியல் படித்தார். பரீட்சை மட்டும் எழுதவில்லை.

போரில் குண்டுவீச்சு ஒரு தொழிற்சாலையை அழித்தது. 1945 ஜனவரி நிலநடுக்கம் மற்றதை இடித்தது. மிஞ்சியதை ரொயோட்டாவுக்கு விற்றார். 1946இல், இராணுவத்தின் வயர்லெஸ் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். முதல் வண்டிக்கு வெந்நீர்க் குடுவையே எரிபொருள் தாங்கி. பெற்றோல் தட்டுப்பாட்டால் பைன் மரத்து எண்ணெயைக் கலந்து ஓடினார்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வன்னி நினைவு வந்தது.

1958இல் சூப்பர் கப் வந்தது. 49 சிசி. அக்காலச் சிறு வண்டிகள் பல ஒயிலையும் பெற்றோலையும் சேர்த்து எரிக்கும் இரண்டு ஸ்ரோக். இதுவோ நாலு ஸ்ரோக். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையில் ஏந்திய கடைப் பையனும் ஓடவேண்டும் என்பதற்காகக் கைக் கிளச்சே வைக்கவில்லை. ஆனால் தொடக்கத்தில் சில வண்டிகளில் கிளச் வழுக்கியது. ஊழியர்கள் விடுமுறை நாட்களிலும் வாங்கியவர்களைத் தேடிப் போய்த் திருத்திக் கொடுத்தார்கள்.

அவரது பலவீனமும் எஞ்சினுக்குள்தான் இருந்தது. காற்றே எஞ்சினைக் குளிர்விக்கப் போதும் என்று பிடிவாதமாக நம்பினார். சிறிய மோட்டார் சைக்கிளுக்கு அது சரி. ஓடும்போது காற்று நேரே படும். 1969இல் நாலு சிலிண்டர் ஹொண்டா 1300 காரிலும் அதையே வைத்தார். எஞ்சின் பாரமும் செலவும் கூடியது. இளம் பொறியியலாளர்கள் எதிர்த்தார்கள். நிறுவனத்தை அவரோடு சேர்ந்து வளர்த்த தக்கேயோ புஜிசாவா இடையில் நின்று பேசியபின், தண்ணீரால் குளிர்விக்க அவர் சம்மதித்தார். 1972இல் சிவிக் கார் அப்படித்தான் வந்தது. அடுத்த ஆண்டு இருவரும் பதவி விலகினார்கள். 1991 ஒகஸ்ட் 5இல் ஹொண்டா காலமானார். 2017இல் கப் வரிசை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

குறையில்லாத எஞ்சினை அவரும் செய்யவில்லை. வண்டி வாங்கப்போகும் தம்பிமாருக்கு என் கருத்து இதுதான்: வேகத்தைப் பார்ப்பதற்கு முன், அது பழுதானால் நம்மூர்க் கராஜில் கழற்றிப் பூட்ட முடியுமா, பாகங்கள் கிடைக்குமா என்று கேளுங்கள். கழற்றிப் பார்க்க விரும்பும் பிள்ளையிடம் ஒரு பழைய எஞ்சினைக் கொடுங்கள். எல்லாம் இடிந்த ஊரில் அவரும் அங்கிருந்துதான் தொடங்கினார்.