மணலில் தொடங்கிய மெட்ராஸ் பாடம்



ஆசிரியர் இரண்டு முறை விளக்கியும் புரியாத கணக்கு, பக்கத்தில் இருக்கும் தோழன் சொன்னதும் சட்டென்று புரிந்திருக்கிறதா? எல்லோருக்கும் ஒரு முறையாவது அப்படி நடந்திருக்கும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழிக்கு, சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாடுகளில் ஒரு பெயர் இருந்தது. அதுதான் 'மெட்ராஸ் முறை'. ஆமாம், நம் சென்னையின் பழைய பெயர்தான்! அந்தப் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல்.

ஸ்காட்லாந்து நாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே 1753-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி பெல் பிறந்தார். அவருடைய தந்தை முடிதிருத்தும் தொழில் செய்தவர். அந்தக் காலத்துப் பள்ளிகளில் பாடம் ஒப்பிக்கத் தெரியாவிட்டால் அடிதான். இன்றைக்கு அடி விழுமா, விழாதா என்று நடுங்கிக்கொண்டேதான் பெல் பள்ளிக்குப் போவார். பெரியவரான பிறகும் அந்தப் பயத்தை அவர் மறக்கவில்லை.

கல்லூரிப் படிப்பு முடிந்ததும், 1774-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். 1781-இல் ஊர் திரும்பும் வழியில் அவர் வந்த கப்பல் விபத்துக்குள்ளானது. நல்லவேளை, உயிர் தப்பினார். பிறகு பாதிரியார் ஆனார். 1787-இல் கப்பலேறி நம் மெட்ராசுக்கு வந்து சேர்ந்தார்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்குகிறோம் அல்லவா? எதிரே பூங்கா ரயில் நிலையம். அங்கிருந்து தாம்பரம் வண்டி ஏறினால் அடுத்த நிலையம் எழும்பூர். அந்த எழும்பூரில் அப்போது ஒரு சிறிய கோட்டை இருந்தது. அதில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதி ஒன்றை 1789-இல் தொடங்கினார்கள். ஆங்கிலேயச் சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். தந்தை போரில் இறந்திருப்பார். அல்லது பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெல்லிடம் வந்தது. அவருக்கு வேறு பல பதவிகளில் நல்ல வருமானம் இருந்தது. ஆனால் இந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

விடுதிப் பள்ளியில் அவர் கண்டது என்ன? சின்னப் பிள்ளைகள் மாதக்கணக்கில் எழுத்துகளோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை. பிள்ளைகளின் முகத்தில் மகிழ்ச்சியும் இல்லை. என்ன செய்யலாம் என்று பெல் யோசித்தார்.

ஒரு நாள் காலை அவர் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் நம் ஊர்ப் பள்ளி ஒன்று. பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தவறாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். தாள் வேண்டாம், மை வேண்டாம், வீணாகுமே என்ற பயமும் வேண்டாம். பெல்லுக்கு ஒரே வியப்பு! உடனே தன் பள்ளிக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு மணலில் எழுதச் சொல்லிக்கொடுக்கும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் அதைச் செய்யவில்லை.

பெல் சோர்ந்துபோகவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற மாணவனை அழைத்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். வயது எட்டுதான்! உங்களில் மிகச் சிறியவர்களின் வயது. அந்தச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். பெரிய ஆசிரியர்கள் முடியாது என்று விட்ட வேலையை அவன் முடித்துக் காட்டினான். சில ஆண்டுகளில் ஃபிரிஸ்கன் தன் உதவியாளர்களோடு தொண்ணூறுக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டான்.

மூத்த மாணவன் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்த சட்டாம்பிள்ளையைப் பற்றி உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

பெல் பள்ளி முழுவதையும் இப்படியே மாற்றினார். கற்றவன் ஒருவன், கற்பவன் ஒருவன் என்று இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார். பிரம்புக்கும் வேலை குறைந்தது. யாராவது தவறு செய்தால் ஒரு கறுப்புப் புத்தகத்தில் குறித்துவைப்பார்கள். வாரம் ஒரு முறை மாணவர்களே கூடி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தண்டனை கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வரவில்லை. பயந்து நடுங்கிய ஸ்காட்லாந்துச் சிறுவன், பயமில்லாத பள்ளி ஒன்றை எழும்பூரில் உண்டாக்கிவிட்டான்!

அந்தப் பிள்ளைகள் எவ்வளவு துணிச்சலாக வளர்ந்தார்கள் என்பதற்கு ஒரு செய்தி. மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் போருக்குப் பின் பிணையாக மெட்ராசில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1794-இல் அவர்களைத் தந்தையிடம் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் குழுவில் வில்லியம் ஸ்மித் என்ற பெல்லின் மாணவனும் போனான். பதினாறு, பதினேழு வயது இருக்கும். அறிவியல் கருவிகளை எடுத்துப்போய், திப்பு சுல்தானுக்கு முன்னாலேயே சோதனைகள் செய்து காட்டினான்!

1796-இல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே மெட்ராஸ் பள்ளியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1798-இல் லண்டனில் ஒரு பள்ளி அந்த முறையை எடுத்துக்கொண்டது. 1811-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்த தேசிய சங்கம் ஒன்று உருவானது. அது பெல்லின் முறையைப் பிரிட்டன் எங்கும் பரப்பியது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் தொடங்கிய பள்ளிகளுக்கு மெட்ராஸ் பள்ளிகள் என்றே பெயர். நம் ஊர் மணலில் பார்த்த பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது, பார்த்தீர்களா?

ஆனால் குழந்தைகளே, கதையில் கசப்பான பகுதியும் உண்டு. அதை மறைப்பது சரியில்லை. இந்த முறையில் ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம், செலவு மிச்சம் என்பதுதான் பலருக்குப் பிடித்திருந்தது. அதனால் பல பள்ளிகளில் பாடம் கிளிப்பிள்ளைப் பாடமானது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற பள்ளி நடத்தினார். அங்கே அடிப்பதற்குப் பதிலாக, தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டி எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார்கள். முறையை முதலில் கண்டது யார் என்பதில் பெல்லுக்கும் லங்காஸ்டருக்கும் பெரிய சண்டையே மூண்டது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கத் தேவையில்லை என்றுகூட பெல் ஒரு சமயம் எழுதினார். எட்டு வயது ஃபிரிஸ்கனிடம் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர் அப்படி எழுதியது வருத்தம்தான்.

1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி பெல் காலமானார். லண்டனில் புகழ்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரை அடக்கம் செய்தார்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லும் காட்சியை அவருடைய நினைவுக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் பிறந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூசில் 1833-இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதன் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. நம் ஊரின் பெயர் 1996-இல் சென்னை என்று மாறிவிட்டது. அந்தப் பள்ளியும் 2021-இல் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்றும் மெட்ராஸ் என்ற பெயரைச் சொல்லித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்!

இன்று ஒரு நாட்டுப் பள்ளியும் இன்னொரு நாட்டுப் பள்ளியும் கணினித் திரையிலேயே சந்தித்துப் பேசிக்கொள்ள முடிகிறது. அப்படி ஒரு வாய்ப்பு உங்கள் பள்ளிக்கும் வந்தால், அவர்களிடம் என்ன கருவி இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கே ஒரு பிள்ளை அழுதால் யார் கவனிக்கிறார்கள், புதிதாகச் சேர்ந்தவனுக்கு யார் துணை என்றும் கேளுங்கள். பெல் கண்ட முறை பல நாடுகளுக்குப் போனது. அதோடு அன்பும் போன இடங்களில்தான் பிள்ளைகள் சிரித்தார்கள்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது என்கிறது. சட்டம் பார்த்துக்கொள்வது ஒரு பக்கம். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளை உங்கள் வகுப்பில், புரியாமல் பயந்துகொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். எட்டு வயது ஃபிரிஸ்கனால் முடிந்தது உங்களால் முடியாதா, என்ன?