இடிபாட்டில் பிழைத்த சிறுவன்
நட்சத்திரங்களின் ரகசியத்தைத் திறந்த கண்ணாடித் தொழிலாளியின் கதை

1801-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி.

ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில், ஒரு சந்தில் இருந்த வீடு திடீர் என்று இடிந்து விழுந்தது. அது ஒரு கண்ணாடித் தொழிலாளியின் வீடு. அவருடைய மனைவி இடிபாட்டில் சிக்கி இறந்து போனாள். வேலை பழக வந்திருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனும் உள்ளே அகப்பட்டுக் கொண்டான்.

ஊரே கூடிவிட்டது. செங்கல்லையும் உத்திரத்தையும் ஒவ்வொன்றாக அகற்றினார்கள். பல மணி நேரம் கழித்துச் சிறுவனை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது!

செய்தி கேட்டு, பவேரியா நாட்டை ஆண்ட மாக்சிமிலியன் ஜோசப்பே அங்கு வந்திருந்தார். (பவேரியா அப்போது தனி நாடு. மாக்சிமிலியன் பின்னர் மன்னர் பட்டம் சூட்டிக்கொண்டார்.) சிறுவன் பிழைத்ததைக் கண்டு மகிழ்ந்து, 18 தங்கக் காசுகளைப் பரிசாகக் கொடுத்தார்.

அந்தச் சிறுவனின் பெயர் ஜோசப் பிரான்ஹோபர். வானத்து நட்சத்திரங்களை ஆராயும் கருவிகளுக்கு வழி வகுத்தவர் அவர்தான்.

பதினோராவது பிள்ளை

பிரான்ஹோபர் பிறந்தது ஸ்டிராபிங் என்ற சிறிய ஊரில். 1787-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. பிள்ளைகள் 11 பேர். கடைசிப் பிள்ளை ஜோசப்.

10 வயதில் தாய் இறந்தாள். அடுத்த ஆண்டே தகப்பனாரும் இறந்தார். பள்ளிக்கூடப் படிப்பு அத்துடன் போயிற்று.

மியூனிக்கில் வெய்க்செல்பெர்கர் என்ற கண்ணாடித் தொழிலாளி இருந்தார். அரண்மனைக்கு நிலைக்கண்ணாடி செய்து கொடுப்பவர். அவரிடம் சிறுவனைச் சேர்த்தார்கள். தொழில் கற்றுக்கொள்ளப் பணம் கட்ட வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். அனாதைச் சிறுவன் பணத்துக்கு எங்கே போவான்? அதனால் 6 ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உழைக்க வேண்டும் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

வேலை செய்யும் சிறுவர்களுக்காக அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் நடந்தது. ஜோசப்புக்கு அதில் சேர ஆசை. எஜமானர் விடவில்லை. புத்தகம் படிப்பதும் அவருக்குப் பிடிக்காது.

இந்த நிலையில்தான் வீடு இடிந்தது. இடிந்த வீடு அவருக்குப் படிப்புக்கு வழி திறந்து விட்டது என்றுகூடச் சொல்லலாம்.

18 தங்கக் காசு

அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்த உட்ஷ்னைடர் என்பவருக்குச் சிறுவன் மீது இரக்கம் பிறந்தது. அவர் தொழில் அதிபரும் கூட. கணக்குப் புத்தகங்களும், ஒளியைப் பற்றிய புத்தகங்களும் வாங்கிக் கொடுத்தார்.

தங்கக் காசுகளை ஜோசப் எப்படிச் செலவழித்தார் தெரியுமா? புதுச் சட்டை வாங்கவில்லை. கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். மீதிப் பணத்தை எஜமானரிடம் கொடுத்து, ஒப்பந்தத்தில் இருந்து விடுதலை பெற்றார்.

சொந்தமாகத் தொழில் செய்து பார்த்தார். பெயர் அச்சடிக்கும் சிறு அட்டைகளுக்கு உலோகத் தகட்டில் எழுத்து வெட்டிக் கொடுத்தார். அது யுத்த காலம். அழகான அட்டையை யார் கேட்பார்கள்? பிழைப்பு நடக்கவில்லை. பழைய எஜமானரிடமே திரும்பிப் போய்க் கூலிக்கு வேலை செய்தார். ஆனால் படிப்பை மட்டும் விடவில்லை.

1806-ம் ஆண்டில் நல்ல காலம் பிறந்தது. உட்ஷ்னைடரும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய கருவித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்போது வயது 19.

மடத்தில் ஓர் உலை

மியூனிக்குத் தெற்கே, மலை அடிவாரத்தில் பெனடிக்ட்பாயர்ன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பழைய கிறிஸ்தவத் துறவிகள் மடம். அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு விற்றபோது, உட்ஷ்னைடர் விலைக்கு வாங்கினார். துறவிகள் ஜெபம் செய்த இடத்தில் கண்ணாடி உருக்கும் உலை எரியத் தொடங்கியது.

நல்ல டெலஸ்கோப் செய்வதில் அந்தக் காலத்தில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது.

டெலஸ்கோப்பின் முன்னால் இருக்கும் பெரிய கண்ணாடி வில்லையை லென்ஸ் என்கிறோம். ஒரே ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால், நட்சத்திரத்தைச் சுற்றி நீலமும் சிவப்புமாக நிறங்கள் தெரியும். உருவம் கலங்கிவிடும். இதைப் போக்க இரண்டு வகைக் கண்ணாடியில் லென்ஸ் செய்து, ஒன்றோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஒன்று சாதாரணக் கண்ணாடி. மற்றது ஈயம் கலந்த கனமான கண்ணாடி.

ஈயம் கலந்த கண்ணாடிதான் தொல்லை கொடுத்தது. உருக்கும்போது கனமான பகுதி அடியில் தங்கிவிடும். உள்ளே நெளிவு நெளிவாகக் கோடுகள் விழும். வெந்நீரில் சர்க்கரை கரையும்போது நெளிவுகள் தெரிகின்றன அல்லவா? அதைப் போல. அப்படிப்பட்ட கண்ணாடியில் நட்சத்திரம் எப்படித் தெளிவாகத் தெரியும்? உள்ளங்கை அகலத்துக்கு மேல் நல்ல கண்ணாடி கிடைப்பதே அரிதாக இருந்தது.

இதற்கு வழி கண்டவர் கினான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். மணி வார்க்கும் தொழில் தெரிந்தவர். உருகிய கண்ணாடியை, நெருப்பில் வேகாத களிமண் துடுப்பால் விடாமல் கிளற வேண்டும் என்று அவர் கண்டுபிடித்தார். பாகு அடிப்பிடிக்காமல் இருக்க நம் வீட்டுப் பெண்கள் கிளறுகிறார்களே, அதே வேலைதான்! ஆனால் இங்கே கிளறுவது நெருப்புக் குழம்பை.

கினானிடம் வித்தையைக் கற்றுக்கொள்ளும்படி உட்ஷ்னைடர் பிரான்ஹோபருக்குச் சொன்னார். கினான் 60 வயதைக் கடந்தவர். தன் ரகசியத்தை ஓர் இளைஞனுக்குச் சொல்லிக்கொடுக்க அவருக்கு மனம் இல்லை. இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. கடைசியில் 1814-ல் கினான் ஊரைவிட்டே போய்விட்டார். கினானின் வழியை இளைஞர் மேலும் திருத்தி, அவரை மிஞ்சிவிட்டார் என்பது உண்மை. ஆனால் முதல் படியைப் போட்டவர் கினான். அந்தக் கிழவருக்கு உரிய புகழைக் கொடுக்கத்தான் வேண்டும்.

சூரிய ஒளியில் கறுப்புக் கோடுகள்

கண்ணாடி கிடைத்துவிட்டது. ஆனால் பிரான்ஹோபருக்குத் திருப்தி ஏற்படவில்லை.

லென்ஸ் தேய்ப்பவர்கள் அதுவரை கைப்பழக்கத்தைத்தான் நம்பி இருந்தார்கள். தேய்ப்பது, பார்ப்பது, மறுபடியும் தேய்ப்பது. பிரான்ஹோபர் கணக்குப் போட்டுச் செய்ய விரும்பினார். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும்.

சிவப்பு ஒளி இவ்வளவு வளைகிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் எந்தச் சிவப்பு? வானவில்லில் சிவப்பு எங்கே முடிகிறது, ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது? எல்லைக்கல் இல்லாத நிலத்தை அளப்பது போன்ற வேலை அது.

1814-ம் ஆண்டு வாக்கில் ஒரு பரிசோதனை செய்தார். அறையை இருட்டாக்கினார். ஜன்னல் கதவில் மெல்லிய இடுக்கு ஒன்று விட்டார். அதன் வழியாகச் சூரிய ஒளி வந்தது. 24 அடி தூரத்தில் ஒரு பட்டைக் கண்ணாடியை வைத்தார். நிலம் அளக்கும் கருவியில் உள்ள சிறு டெலஸ்கோப்பால் அந்த ஒளியைப் பார்த்தார்.

ஏழு நிறங்களும் பட்டையாக விரிந்தன. அதன் குறுக்கே கறுப்புக் கோடுகள்! ஒன்று அல்ல, இரண்டு அல்ல, ஏராளமான கோடுகள். சில தடித்தவை, சில மயிரிழை போன்றவை.

இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் என்ற விஞ்ஞானி 1802-ல் இப்படிச் சில கோடுகளைக் கண்டதுண்டு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்ஹோபர் விடவில்லை. 570-க்கு மேற்பட்ட கோடுகளை எண்ணினார். முக்கியமானவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துக்களால் பெயர் வைத்தார். அவர் தேடிய எல்லைக்கற்கள் கிடைத்துவிட்டன. கோடுகள் எப்போதும் அதே இடத்தில் இருந்தன. அவற்றை வைத்துக் கண்ணாடியைத் துல்லியமாக அளந்தார்.

டெலஸ்கோப்பின் முன்னால் பட்டைக் கண்ணாடியை வைத்து வானத்தையும் பார்த்தார். வெள்ளிக் கிரகத்தின் ஒளியில் சூரியனின் கோடுகளே தெரிந்தன. வெள்ளி தருவது சூரியனிடம் வாங்கிய ஒளிதானே! ஆனால் சிரியஸ் என்ற பிரகாசமான நட்சத்திரத்தில் வேறு விதமான கோடுகள் தெரிந்தன. நட்சத்திரம் என்றால் எல்லாம் ஒன்று அல்ல என்பது விளங்கியது.

அந்தக் கோடுகள் ஏன் உண்டாகின்றன? அது பிரான்ஹோபருக்குக் கடைசி வரை தெரியாது. அவர் இறந்து பல ஆண்டுகள் சென்ற பிறகு, 1859-ல் கிர்க்காப் என்ற விஞ்ஞானி காரணத்தைக் கண்டார். சூரியனில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய நிறத்தை விழுங்கிக் கொள்கிறது. விழுங்கப்பட்ட இடம் கறுப்பாகத் தெரிகிறது. டி என்று பெயர் வைத்த கோடு சோடியத்தின் கோடு. நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிறதே, அதே சோடியம்!

நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று மனிதன் ஒருநாளும் அறிய முடியாது என்று, பிரெஞ்சு நாட்டுத் தத்துவ ஆசிரியர் கோம்ட் 1835-ல் எழுதி இருந்தார். அதை அறியும் வழி 20 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மடத்தின் இருட்டறையில் தெரிந்துவிட்டது. யாருக்கும் அது புரியவில்லை!

பட்டம் இல்லாத பேராசிரியர்

பிரான்ஹோபர் மியூனிக் விஞ்ஞானச் சங்கத்துக்குத் தன் ஆராய்ச்சியை எழுதி அனுப்பினார். சங்கத்தில் அவரைச் சேர்ப்பது பற்றி வாக்குவாதம் நடந்தது. சர்வகலாசாலையில் படிக்காத தொழிலாளியை எப்படிச் சேர்ப்பது என்று சிலர் ஆட்சேபித்தார்கள். ஆனாலும் சேர்த்துக்கொண்டார்கள். 1822-ல் எர்லாங்கன் சர்வகலாசாலை கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பிறகு பேராசிரியர் பதவியும் வந்தது. 1824-ல் மன்னர் வீரப் பட்டம் அளித்தார். இடிபாட்டின் அருகே நின்று தங்கக் காசு கொடுத்தாரே, அதே மாக்சிமிலியன்தான்.

ஒளியின் ஆராய்ச்சியை எல்லோருக்கும் சொன்ன பிரான்ஹோபர், கண்ணாடி செய்யும் முறையை மட்டும் வெளியில் சொல்லவில்லை. அது கம்பெனியின் சொத்து. இங்கிலாந்தில் மைக்கேல் பாரடே போன்ற மேதையே அதற்கு ஈடான கண்ணாடி செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார்.

பட்டைக் கண்ணாடிக்குப் பதிலாக இன்னொரு சாதனத்தையும் பிரான்ஹோபர் உண்டாக்கினார். 260 மெல்லிய கம்பிகளை நெருக்கமாக, வரிசையாக இழுத்துக் கட்டினார். அந்த இடைவெளிகளில் புகுந்த ஒளி நிறம் நிறமாகப் பிரிந்தது! பின்னர் கண்ணாடியில் வைர முனையால் நெருக்கமாகக் கோடு கிழித்தும் செய்தார். இன்று மலை உச்சிகளில் இருக்கும் ராட்சத டெலஸ்கோப்புகளில் ஒளியைப் பிரிக்கும் கருவிகளுக்கு உள்ளே இருப்பது இதன் வாரிசுதான்.

நட்சத்திரத்தைத் துரத்தும் டெலஸ்கோப்

டோர்பட் என்ற ஊர் அப்போது ருஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்தது. இப்போது எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்ற பெயருடன் இருக்கிறது. அந்த ஊர் வான ஆராய்ச்சி நிலையத்துக்காகப் பிரான்ஹோபர் ஒரு டெலஸ்கோப் செய்தார். 1824-ல் அது போய்ச் சேர்ந்தது.

லென்ஸின் அகலம் சுமார் 24 சென்டிமீட்டர். குழாயின் நீளம் 4 மீட்டருக்கு மேல். லென்ஸ் வைத்த டெலஸ்கோப்புகளில் அன்று உலகத்திலேயே சிறந்தது அதுதான்.

பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே போகும். பெரிய டெலஸ்கோப்பில் சிறிது நேரத்தில் கண்ணைவிட்டு ஓடிவிடும். பிரான்ஹோபர் என்ன செய்தார்? டெலஸ்கோப்பின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி சாய்த்து வைத்தார். எடைக்கல் இழுக்கும் கடிகார இயந்திரம் ஒன்றை அதில் பூட்டினார். நட்சத்திரம் நகர நகர, டெலஸ்கோப்பும் தானே திரும்பியது! எடை எல்லாம் ஒன்றுக்கு ஒன்று சமமாக இருந்ததால், விரலால் தள்ளினாலே அசைந்தது.

அங்கே இருந்த ஸ்ட்ரூவ் என்ற வானசாஸ்திரி, இந்தக் கருவியை வைத்துச் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் நட்சத்திரங்களைப் பார்வையிட்டார். 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட இரட்டை நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டார்.

39 வயதில்

புகழ் வந்தது. உடல் கெட்டது. காசநோய் பற்றிக்கொண்டது. பிரான்ஹோபர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1826-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி காலமானார். வயது 39. அவரை முதலில் வேலைக்குச் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகளில் ஒருவரான ரெய்க்கன்பாக், சில நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் தொடங்கிய வேலைகள் நிற்கவில்லை. கோனிக்ஸ்பெர்க் நகருக்காக அவர் ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். நல்ல லென்ஸ் ஒன்றை நடுவில் இரண்டாக அறுத்துச் செய்யும் விசித்திரக் கருவி அது. அவர் இறந்த பிறகு, 1829-ல் போய்ச் சேர்ந்தது. அதை வைத்துத்தான் பெஸ்ஸல் 1838-ல், அன்னப் பறவை மண்டலத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து அறிவித்தார். ஒளி அங்கிருந்து நம்மிடம் வந்து சேர 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

1846-ல் பெர்லினில் நெப்டியூன் கிரகத்தைக் கண்டதும், பிரான்ஹோபரின் தொழிற்சாலையில் செய்த டெலஸ்கோப்பின் மூலம்தான்.

அவருடைய கோடுகள் நம் பக்கமும் வந்தன. 1868-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை ராஜதானியில் இருந்த குண்டூருக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் விஞ்ஞானிகள் வந்து கூடினார்கள். சூரியனின் விளிம்பில், டி கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கோடு பளிச்சென்று தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தப் பொருளின் கோடும் அது அல்ல. அந்தப் புதிய பொருளுக்கு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான்.

கொடைக்கானல் மலையில் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி 1909-ல் இதே கறுப்புக் கோடுகளை ஆராய்ந்தார். சூரியனின் கரும்புள்ளிகளில் கோடுகள் சற்று இடம் மாறி இருப்பதைக் கவனித்தார். புள்ளிகளின் நடுவில் இருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை அதில் இருந்து கண்டுபிடித்தார்.

டோர்பட் டெலஸ்கோப் இன்னும் இருக்கிறது. டார்ட்டு நகரின் பழைய வான ஆராய்ச்சி நிலையத்தில், மெருகு ஏற்றிய மரக்குழாயுடன் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.