திண்டிவனத்து ராத்திரியும் ஒரு டிப்ளமாவும்

எங்கள் கிளியனூர் திண்டிவனம் – புதுச்சேரி சாலையில் இருக்கிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒரு பக்கம் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் ஜிப்மர். இரண்டிலும் சரிவரவில்லை என்றால் வேலூருக்குக் கொண்டு போங்க என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு விதை விழுந்தது நம்ம திண்டிவனத்தில்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை விதைத்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். நம்மைப் போன்ற டிப்ளமாக்காரர்கள் அவரை அறிந்துகொள்ளத் தனிக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் அமெரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆனால் பிறந்தது 1870 டிசம்பர் 9-ல் ராணிப்பேட்டையில். தாத்தா ஜான் ஸ்கடர் 1819-லேயே கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தவர். அப்பாவும் டாக்டர். மதத்தைப் பரப்பவும் வந்த குடும்பம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் வாடிய குழந்தைகளுக்குச் சின்னஞ்சிறு ஐடா தன் கையால் ரொட்டி கொடுத்திருக்கிறாள். அந்தக் கொடுமையைப் பார்த்ததாலோ என்னவோ, வளர்ந்த பிறகு இந்தியா வேண்டவே வேண்டாம் என்றிருந்தாள். அமெரிக்காவில் படிப்பு, கல்யாணம், வசதியான வாழ்க்கை, இதுதான் அவள் ஆசை. நம்ம வயசுப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆசைதானே!

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். கொஞ்ச நாள் துணைக்கு இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்றுதான் வந்தார். அங்கே ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு மேல்சாதிக்காரர். மூன்று பேர் வீட்டிலும் இளம் மனைவி பிரசவ வேதனையில் கிடக்கிறாள். டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆண் நம் பெண்ணைத் தொடக்கூடாது, நீங்கள்தான் வரவேண்டும் என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. வந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். விடியற்காலை சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

கைவசம் டாக்டர் இருந்தார். இருந்தும் மூன்று உயிர் போனது. வெள்ளைக்காரர்களையே குறை சொல்லிப் பழகிய நாம், இந்த இடத்தில் கொஞ்சம் நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மூன்று பெண்களின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

டாக்டருக்குப் படிக்கிறேன் என்று ஐடா சொன்னது அந்தக் காலையில்தான். 1895-ல் பிலடெல்பியாவில் சேர்ந்தார். கார்னெல் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல்லின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தோடு 1900 ஜனவரியில் இந்தியா வந்து இறங்கினார்.

வந்த சில மாதங்களிலேயே அப்பா காலமானார். வேலூர் பங்களாவில் ஒரு அறை, ஒரே ஒரு கட்டில், அதுதான் ஆஸ்பத்திரி. கூடமாட உதவிக்கு சமையல்காரரின் மனைவி சலோமி. அவருக்கே நர்ஸ் வேலை கற்றுக்கொடுத்தார். இரண்டே ஆண்டில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? 1902-ல் 40 படுக்கைகளோடு ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி அவரே போனார். மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்க: 1909-ல் அவருக்குக் கிடைத்தது ஒற்றை சிலிண்டர் பெஜோ கார். குடியாத்தம் சாலையில் அது படபடவென்று வந்தபோது, பேய் வருதுன்னு ஜனங்கள் வயலில் இறங்கி ஓடினார்களாம். பிறகு அதே ஜனங்கள் மரத்தடியில் அந்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, கண்ணுக்கு மருந்து விடுவது, குஷ்டரோகிகளைக்கூடத் தொட்டுப் பார்ப்பது எல்லாம் சாலையோரத்திலேயே நடந்தது. சாலையோர மருத்துவமனை என்பது வேலூரில் அப்படி வந்ததுதான்.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருவோம். தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்தால் எத்தனை கிராமம் பார்ப்பது? இந்தியப் பெண்களையே டாக்டராக்கினால்தான் திண்டிவனத்து ராத்திரி திரும்ப வராது என்று முடிவு செய்தார். டிகிரி கல்லூரி தொடங்கப் பணமும் கிடையாது, பேராசிரியர்களும் கிடையாது. அதனால் எல்.எம்.பி. என்ற டிப்ளமா படிப்பைக் கையில் எடுத்தார். ஆறு பெண்கள் கிடைத்தால் தொடங்கிக்கொள்ளுங்கள் என்று மாகாண மருத்துவ மேலதிகாரி அரைமனதாகத்தான் அனுமதித்தார். வந்த விண்ணப்பங்கள் 151! 1918 ஆகஸ்ட் 12-ல் பள்ளி திறந்தது. 1922-ல் 14 பெண்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். எல்லாரும் டிப்ளமா டாக்டர்கள். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று கதவைச் சாத்திய வீடுகளுக்குள் நுழைந்து பிரசவம் பார்க்க அவர்களால் முடிந்தது. டிப்ளமாதானே என்று பிரசவ வலியில் கிடந்த எந்தப் பெண்ணும் கேட்டிருக்க மாட்டாள்.

ஆனால் அரசாங்கம் கேட்டது. 1938-ல் சென்னை மாகாண அரசு, இனி டிப்ளமா கிடையாது, பல்கலைக்கழகப் பட்டம்தான் என்று சொல்லிவிட்டது. டாக்டர்களின் தரம் உயர வேண்டும் என்ற நோக்கம் சரிதான் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 20 ஆண்டு உழைப்பு ஒரு உத்தரவில் மூடப்படும் நிலை வந்தது. படுக்கைகளைக் கூட்டணும், ஆய்வுக்கூடம் கட்டணும், மேல்படிப்புப் படித்த ஆசிரியர்கள் வேணும். அம்மையாருக்கு அப்போது 67 வயசு. ரிடையர் ஆகி பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டியவர், மறுபடி கப்பலேறினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. பெண்களுக்கென்றே தொடங்கிய இடத்தில் 1947-லிருந்து ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். பெண்களுக்காகக் காசு கொடுத்தோமே என்று அமெரிக்காவில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கல்லூரி நிலைக்க அது தேவைப்பட்டதால் அம்மையார் ஒத்துக்கொண்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பின் கொடைக்கானலில் தங்கியிருந்தார். 1960 மே மாதம் அங்கேயே காலமானபோது அவருக்கு வயது 89.