கடலுக்கு பெஞ்ச் மார்க் வைத்த செல்சியஸ்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



செல்சியஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தெர்மாமீட்டர்தான். ஆனா அந்த மாமேதை கடலையும் அளந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர்வே பாடத்தில் பெஞ்ச் மார்க் படித்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது.

ஆண்டர்ஸ் செல்சியஸ் 1701-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் பிறந்தார். அப்பா வானியல் பேராசிரியர். இரண்டு தாத்தாக்களும் பேராசிரியர்கள்! எங்க வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதனால் இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் அவர் குடும்பப் பெருமையை வைத்துக் காலம் தள்ளவில்லை. 1730-இல், 28 வயதில், தானும் வானியல் பேராசிரியர் ஆனார்.

அந்தக் காலத்தில் போத்னியா வளைகுடாக் கரையில் கடல் பின்வாங்குவதாக ஒரு பேச்சு இருந்தது. பழைய துறைமுகங்களில் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. செல்சியஸ் வெறும் பேச்சை நம்பவில்லை, சாட்சி தேடினார். கிடைத்த சாட்சி என்ன தெரியுமா? சீல் என்னும் கடல்நாய் படுக்கும் பாறை!

நீர்மட்டத்தை ஒட்டிய பாறையில்தான் சீல் ஏறிப் படுக்கும். வேட்டைக்காரர்களுக்கு அந்தப் பாறை நம்ம ஊர் வயல் மாதிரி சொத்து. அதற்குப் பத்திரம் உண்டு, வரியும் உண்டு. தண்ணீர் இறங்க இறங்கப் பாறை உயரமாகிவிடும், சீல் ஏறாது, சொத்தின் மதிப்பும் போச்சு. 1563-ஆம் ஆண்டு ஆவணத்தில் இருந்த ஒரு பாறையை வைத்துக் கணக்குப் போட்டு, 100 ஆண்டுக்குச் சுமார் 1.4 மீட்டர் வீதம் கடல் இறங்குகிறது என்று கண்டார்.

அதோடு விடவில்லை. 1731-இல் யேவ்லே நகருக்கு அருகே லோவ்கிருண்ட் தீவில், ஒரு பாறையில் அன்றைய நீர்மட்டத்துக்குக் கோடு போட்டு, ஆண்டையும் செதுக்க வைத்தார். பால்டிக் கடலில் ஏற்ற வற்றம் அநேகமாக இல்லை. அதனால் ஒரு கோடு போட்டாலே போதும், பின்னால் வருபவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிறகு 1736-37-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு லாப்லாந்து போய், பூமி துருவத்தில் தட்டை என்று நிரூபிக்க உதவினார். 1741-இல் உப்சாலாவில் வானாய்வு நிலையம் அமைத்தார். 1742-இல் வெப்ப அளவை, 1743-இல் கடல் பற்றிய கட்டுரை. 1744 ஏப்ரல் 25-இல் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது வெறும் 42.

காரணம் சொல்வதில் மட்டும் அவர் தவறிவிட்டார். உலகத்தில் தண்ணீரே குறைகிறது என்று நினைத்தார். பிஷப் பிரோவாலியஸ் 1755-இல் அதை மறுத்துப் புத்தகமே எழுதினார். உண்மையில் இறங்கியது கடல் இல்லை, ஏறியது நிலம்! ஆதிகாலத்தில் அந்த நாட்டை அழுத்திக்கொண்டிருந்த பெரும் பனிப்பாளம் உருகிவிட்டது. பாரம் இறங்கிய மெத்தை போல நிலம் இன்னமும் மெல்ல எழும்புகிறது. பனியின் பாரம்தான் காரணம் என்று ஜேமிசன் என்பவர் சொன்னது 1865-இல்தான்.

தெர்மாமீட்டரிலும் அவர் கொதிநிலைக்கு 0, உறைநிலைக்கு 100 என்றுதான் வைத்தார். அதையும் பின்னால் வந்தவர்கள் திருப்பிப் போட்டார்கள். இரண்டுமே தலைகீழ்! ஆனாலும் இரண்டும் இன்றைக்கும் நிற்கின்றன. ஏன்? அளவு சரியாகக் குறிக்கப்பட்டதால்.

1834-இல் புகழ்பெற்ற லயல் அந்தக் கோட்டைப் பார்க்கவே அங்கே போனார். இன்று அது கடலுக்குச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கிறது. செல்சியஸ் சொன்ன வேகம் அதிகம் என்று நமக்குச் சொல்வதும் அவரே போட்ட கோடுதான்! இப்போது பூமி சூடாகிக் கடல் உயர்கிறது. யேவ்லேயில் நிலம் அதைவிட வேகமாக ஏறுவதால் கோடு தப்பிக்கிறது. நிலம் ஏறாத கரைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நண்பர்களே! நம்முடைய விளக்கம் நாளை மாறலாம். ஆனால் தேதி போட்டு நேர்மையாக எழுதிய ஒரு ரீடிங் மாறாது. ஃபீல்டு புக்கில் மனதுக்குத் தோன்றிய எண்ணை எழுதக் கை போகும்போது, அந்தப் பாறையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.