முதலில் அச்சேற்றியவர்

தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய சிறுப்பிட்டிச் சிறுவன் சி.வை. தாமோதரம்பிள்ளை. பிறந்தது 1832இல். பிறகு வட்டுக்கோட்டைச் செமினறி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். அரசாங்க உத்தியோகம், சட்டப் படிப்பு, புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. பேசாமல் வசதியாக இருந்திருக்கலாம்.

அவர் கைப்பணத்தைப் போட்டதோ சந்தையே உருவாகாத ஒரு வேலையில். பழைய ஏடுகளைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, அச்சிட்டார். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம். 1887இல் கலித்தொகை, எட்டுத்தொகையில் முதலில் அச்சேறிய நூல் அதுதான். தொட்டால் ஒடியும் ஏடுகள், செல்லரிக்கும் முன் முந்தவேண்டும். 1981இல் யாழ். நூலகத்தை இழந்த எங்களுக்கு அந்த அவசரம் விளங்கும்.

முந்தியதற்கு விலையும் இருந்தது. வாங்குவோர் குறைவு, நட்டம். ஒப்பிட்டுப் பார்க்க முன்பதிப்பு எதுவும் இல்லை. பொருளதிகாரப் பிற்பகுதியில் பேராசிரியரின் உரை நச்சினார்க்கினியர் பெயரிலேயே வெளிவந்துவிட்டது. பின்வந்த அறிஞர்கள் பிழையைக் கண்டார்கள். அச்சில் கையில் கிடைத்ததால்தானே கண்டார்கள்!

அதே 1887இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையர் இவரைவிட 23 வயது இளையவர். 1942 வரை வாழ்ந்தார். தன் பதிப்புகளைத் தானே திருத்தி மீண்டும் வெளியிட அவருக்குக் காலம் இருந்தது. தமிழ்த் தாத்தா என்ற பெயரும் அவருக்கே நிலைத்தது.

தாமோதரம்பிள்ளை 1901 ஜனவரி 1ஆம் திகதி காலமானார். எட்டுத்தொகையில் அன்று முழுமையாக அச்சில் இருந்தவை இரண்டுதான்: ஐயரின் புறநானூறு, இவருடைய கலித்தொகை.