மலைகள் பனியில் புதைந்திருந்த கதையைச் சொன்னவர்: யார் இந்த லூயி அகாசி?

சுவிட்சர்லாந்தில் நூஷாட்டெல் என்ற ஊருக்குப் பின்னால் ஜூரா மலைத்தொடர் இருக்கிறது. முழுக்க சுண்ணாம்புக்கல் மலை. ஆனால், அதன் சரிவில் காட்டுக்கு நடுவே வீடு அளவுக்கு ஒரு கருங்கல் பாறை தன்னந்தனியாகக் கிடக்கிறது. அந்த வகைக் கல் ஜூராவுக்குச் சொந்தமானதே அல்ல. அதன் பிறப்பிடம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தைச் சுற்றியுள்ள பகுதி. நடுவில் ஏரியும் சமவெளியும் கிடக்கின்றன. அப்படியென்றால் கல் எப்படி இங்கே வந்தது?

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குப் பலர் சொன்ன பதில், வெள்ளம். ஏதோ ஒரு காலத்தில் வந்த பெருவெள்ளம் இந்தப் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டதாக நம்பினார்கள். சிலர் அதை பைபிளில் வரும் நோவா காலத்து வெள்ளம் என்றே சொன்னார்கள். அந்த நம்பிக்கையை உடைத்து, பனியுகம் என்ற கருத்தை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர் லூயி அகாசி. இன்று அவர் பெயரைக் கேட்டால் சிலருக்குப் பனி நினைவுக்கு வரும். வேறு சிலருக்குக் கோபம் வரும். இரண்டுக்கும் காரணம் உண்டு.

மீனில் தொடங்கிய வாழ்க்கை

1807 மே 28-ல் சுவிட்சர்லாந்தின் மோத்தியே கிராமத்தில் பிறந்தார் அகாசி. அப்பா புராட்டஸ்டன்ட் பாதிரியார். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது வீட்டின் விருப்பம். படித்து 1830-ல் பட்டமும் வாங்கினார். ஆனால் மனசெல்லாம் மீனில்தான். பிரேசில் நதிகளில் பிடிக்கப்பட்ட மீன்களைப் பற்றி அவர் புத்தகம் வெளியிட்டபோது வயது 22.

பிறகு பாரிஸில் அன்றைய விலங்கியலின் உச்சத்தில் இருந்த கூவியேவிடம் போய்ச் சேர்ந்தார். பூமியில் அவ்வப்போது பேரழிவு வரும், பழைய உயிர்கள் அழிந்துபோகும் என்பது கூவியேவின் பார்வை. ஒவ்வொரு அழிவுக்குப் பிறகும் கடவுள் உயிர்களைப் புதிதாகப் படைக்கிறார் என்று அகாசி அதை இன்னும் நீட்டினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையின் நல்லது கெட்டது இரண்டிலும் இந்த நம்பிக்கைக்குப் பங்கு இருக்கிறது.

1832-ல் நூஷாட்டெலில் பேராசிரியர் வேலை கிடைத்தது. புதைபடிவ மீன்களைப் பற்றிய அவரது நூல்வரிசை ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது. பேசாமல் மீனோடு இருந்திருந்தாலே போதும், புகழுக்குக் குறைவிருந்திருக்காது.

முதலில் சொன்னவர் ஒரு வேட்டைக்காரர்

உண்மையில் பனியுகக் கதையின் முதல் ஆள் அகாசி இல்லை. ஆல்ப்ஸின் பாஞ் பள்ளத்தாக்கில் மலையாடு வேட்டையாடிப் பிழைத்தவர் ஜான் பியர் பெரோதான். பள்ளத்தாக்கின் அடிவாரப் பாறைகளில் நீளமான கீறல்கள் இருப்பதை அவர் பார்த்திருந்தார். அதே மாதிரிக் கீறல்கள் மேலே பனியாற்றின் ஓரத்திலும் இருந்தன. பனி ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க நிறைந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். 1815-ல் பெக்ஸ் உப்புச் சுரங்கத்தின் இயக்குநர் ஷார்ப்பாந்தியேவிடம் இதைச் சொன்னார். அவர் நம்பவில்லை.

பனியாறு என்பது சும்மா கிடக்கும் பனிக்கட்டி இல்லை. வருஷா வருஷம் விழும் பனி, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெதுவாக நகர ஆரம்பிக்கும். போகிற வழியில் பாறைகளைப் பெயர்த்துச் சுமந்து செல்லும். அடியில் சிக்கிய கற்கள் தரையை உப்புத்தாள் போலத் தேய்க்கும், கீறும். பனி உருகும் இடத்தில் அவ்வளவு கல்லும் மண்ணும் கரை போலக் குவியும். ஆறு அறுத்த மலைப் பள்ளத்தாக்கு ஆங்கில ‘வி’ எழுத்து போல இருக்கும் என்றால், பனியாறு குடைந்தது ‘யு’ போல அகன்றிருக்கும்.

1818-ல் அதே பாஞ் பள்ளத்தாக்கில் ஜியேத்ரோ பனியாற்றிலிருந்து விழுந்த பனி, ஆற்றை அடைத்து ஏரியாக்கியது. தண்ணீரை வடிக்கப் பனிக்குள் சுரங்கம் வெட்டியவர் பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ். ஏரியின் ஒரு பகுதி வடிந்தது. ஆனால் ஜூன் 16-ல் அணை உடைந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். பனியாறுகளோடு வாழ்ந்த வெனெட்ஸ், வேட்டைக்காரர் சொன்னது சரிதான் என்று உணர்ந்தார். பிறகு ஷார்ப்பாந்தியேயும் மனம் மாறி, ஆதாரங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்.

1836 கோடையில் அகாசி பெக்ஸ் ஊருக்குப் போனார். போனது ஷார்ப்பாந்தியே சொல்வது தப்பு என்று காட்டத்தான். கீறல்களையும் கல் கரைகளையும் நேரில் பார்த்ததும் அப்படியே கட்சி மாறிவிட்டார்!

மீன் பற்றிப் பேச வந்தவர்

1837 ஜூலை 24. நூஷாட்டெலில் சுவிஸ் இயற்கை அறிவியல் சங்கக் கூட்டம். தலைவர் அகாசி புதைபடிவ மீன்களைப் பற்றிப் பேசுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ பனியைப் பற்றிப் பேசினார். ஆல்ப்ஸ் மட்டுமல்ல, வட துருவத்திலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் வரை பனி மூடியிருந்தது என்றார். கூட்டத்தில் கொந்தளிப்பு. புகழ்பெற்ற நிலவியலாளர் லியோபோல்டு ஃபான் புஃக் கோபத்தை மறைக்கவே இல்லை. அகாசிக்கு அதுவரை கை கொடுத்துவந்த ஹம்போல்ட்டும், இதை விட்டுவிட்டு மீனுக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

அன்று அகாசி சொன்னதில் பாதி தவறு. பனி வந்த பிறகுதான் ஆல்ப்ஸ் மலை எழுந்தது, அப்போது பாறைகள் பனிமேல் சறுக்கி ஜூராவுக்கு வந்தன என்று நினைத்தார். கவனமாக இருந்த ஷார்ப்பாந்தியேதான் இந்த விஷயத்தில் சரி. மலை ஏற்கெனவே இருந்தது, அதிலிருந்துதான் பனியாறு இறங்கி வந்தது. ஆனால், உள்ளூர் விஷயமாக இருந்த ஒன்றை உலகக் கேள்வியாக்கத் துணிந்தவர் அகாசி. திடீரென்று பூமியே உறைந்துபோனது என்பது, பேரழிவை நம்பியவருக்கு நம்பக் கஷ்டமாக இல்லை.

1840 முதல் சில கோடைகளில் உன்டரார் பனியாற்றின் மேலேயே குடியிருந்தார். பெரிய பாறை ஒன்றின் அடியில் கல் அடுக்கிக் கட்டிய அந்த இருப்பிடத்துக்கு நண்பர்கள் வைத்த பெயர், ‘நூஷாட்டெல்காரர்கள் ஓட்டல்’! 1827-ல் ஹூகி என்பவர் அதே பனியாற்றின்மேல் கட்டிய குடிசை, இவர்கள் பார்த்தபோது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கீழே நகர்ந்திருந்தது. அகாசி குறுக்கே வரிசையாகக் கம்புகளை நட்டு அளந்தார். நடுப்பகுதி வேகமாகவும் ஓரங்கள் மெதுவாகவும் நகர்வது தெரிந்தது. பனிக்குள் இருந்த ஆழமான குழியில் கயிறு கட்டி இறங்கி, குளிர்ந்த நீரில் விழுந்து உயிர் தப்பியதும் உண்டு.

1840-ல் இன்னொரு திருப்பம். வெள்ளக் கதையை ஒரு காலத்தில் ஆதரித்த ஆக்ஸ்ஃபோர்டு நிலவியலாளர் பக்லாந்தோடு ஸ்காட்லாந்து போனார். அங்கே பனியாறே கிடையாது. ஆனால் அதே கீறல்கள், அதே கல் கரைகள்! கிளென் ராய் பள்ளத்தாக்கின் மலைச்சரிவில் சாலை போட்டது போல மூன்று கிடைக்கோடுகள் ஓடுகின்றன. அவை பழைய கடற்கரைகள் என்று முந்தைய வருஷம்தான் டார்வின் எழுதியிருந்தார். பனி அடைத்து உண்டான ஏரியின் கரைகள் என்றார் அகாசி. இருபது ஆண்டுகள் கழித்து டார்வின் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

அகாசியின் பனியாற்று நூல் 1840-ல் வந்தது. பல வருஷம் பொறுமையாக உழைத்த ஷார்ப்பாந்தியேவின் நூல் அடுத்த ஆண்டுதான் வெளியானது. அகாசி தன் நூலை அவருக்கும் வெனெட்ஸுக்கும் சமர்ப்பித்தார்தான். ஆனாலும் நட்பு கசந்தது. பனியுகம் என்ற சொல்லை உருவாக்கிய நண்பர் கார்ல் ஷிம்பருக்கோ உரிய மரியாதையே கிடைக்கவில்லை.

இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: கடைசிப் பனியுகம் ஆல்ப்ஸில் உச்சம் தொட்டது ஏறத்தாழ 24,000 ஆண்டுகளுக்கு முன்பு. ரோன் பள்ளத்தாக்கை நிறைத்த பனி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனாக இருந்தது. ஜெனீவா ஏரி இருக்கும் பள்ளத்தைக் குடைந்ததிலும் பனிக்குப் பெரும் பங்கு உண்டு. பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்படும் மெதுவான மாற்றங்களே பனியுகங்கள் வந்துபோக அடிப்படை என்பது 20-ம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

அமெரிக்காவில் வேறொரு அகாசி

1846-ல் கடனும் குடும்பப் பிரிவுமாக அமெரிக்கா கிளம்பினார். மீன் நூல்களுக்குப் படம் வரைந்து கொடுத்த மனைவி சிசில், அவர் அங்கே இருந்தபோதே காசநோயில் இறந்தார். ஹார்வர்டில் பேராசிரியர் பதவி, 1859-ல் அவர் தொடங்கிய பெரிய விலங்கியல் அருங்காட்சியகம், நாடு முழுக்கக் கூட்டம் கூடும் சொற்பொழிவுகள் என்று புகழ் ஏறியது.

கூடவே இன்னொன்றும் நடந்தது. வந்த ஆண்டே ஃபிலடெல்பியா ஓட்டலில் பரிமாறிய கறுப்பினப் பணியாளர்களைப் பார்த்து ஏற்பட்ட அருவருப்பை அம்மாவுக்குக் கடிதமாக எழுதினார். மனிதர்கள் எல்லோரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் இல்லை, இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று மேடைகளில் பேசத் தொடங்கினார். அடிமை முறையை நியாயப்படுத்தியவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. 1850-ல் தென் கரோலினாவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ரென்ட்டி, அவர் மகள் டெலியா உள்ளிட்டோரின் ஆடைகளைக் களையவைத்து, தன் வாதத்துக்கு ஆதாரமாகப் படம் எடுக்க வைத்தார். யாருடைய சம்மதமும் கேட்கப்படவில்லை.

1859-ல் டார்வினின் நூல் வந்ததும் எதிர்த்தார், கடைசிவரை. 1865-ல் பிரேசிலுக்குப் போய், அமேசான் படுகையையும் பனியாறு நிறைத்திருந்தது என்று அறிவித்தார். அது தவறு. ஆல்ப்ஸில் கண்ணால் பார்த்ததும் கருத்தை மாற்றிக்கொண்ட அதே மனிதர், இப்போது மனதில் இருந்ததையே எங்கும் பார்த்தார்.

1873 டிசம்பர் 14-ல் இறந்தார். உன்டரார் பனியாற்றுப் பகுதியிலிருந்து கொண்டுவந்த பாறைதான் அவர் கல்லறைக் கல்.

ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் மறந்து கிடந்த அந்த அடிமைகளின் படங்கள் 1976-ல் கண்டெடுக்கப்பட்டன. ரென்ட்டியின் வழிவந்தவர் என்று சொன்ன ஒரு பெண் 2019-ல் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார். 2025-ல் சமரசம் ஏற்பட்டு, படங்களை ஹார்வர்டு விட்டுக்கொடுத்தது. நூஷாட்டெலில் அவர் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு இப்போது வேறு பெயர். ஆல்ப்ஸில் 3,946 மீட்டர் உயர அகாசிஹார்ன் சிகரத்துக்கு ரென்ட்டியின் பெயரை வைக்க வேண்டும் என்று 2007 முதல் ஒரு இயக்கம் கேட்டுவந்தது. அரசு ஏற்கவில்லை. சிகரத்துக்கு இன்னும் அதே பெயர்தான். அந்த மலைகளில் பனிதான் குறைகிறது: 2022, 2023 இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன.